பழைய வால்வுப் பெட்டிகளைச் செப்பனிடுதல்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய உரை)



நம் கிராமங்கள் பலவற்றில் பஞ்சாயத்து ரேடியோ அறை என்று ஒன்று இருந்தது. பூங்காவின் நடுவிலோ சாவடிக்குப் பக்கத்திலோ அது சிறியதாக நிற்கும். சில ஊர்களில் அதன் கூரை இடிந்துவிட்டது. சில ஊர்களில் அது துடைப்பமும் பிளீச்சிங் பவுடரும் வைக்கும் இடமாக மாறிவிட்டது. அந்த அறையிலோ, பஞ்சாயத்து அலுவலகத்துப் பரணிலோ கனத்த இரும்புப் பெட்டி ஒன்று தூசி படிந்து கிடப்பதை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக் குமிழ்கள் வரிசையாகச் சொருகிய வால்வு ரேடியோவாக அது இருக்கும். அல்லது திருவிழாக் காலங்களில் புனல் கட்டிப் பாட்டுப் போட்ட ஆம்ப்ளிபயராக இருக்கும். அதை என்ன செய்வது என்பதே இன்று நாம் ஆலோசிக்கப் புகுந்த விஷயம்.

இருப்புப் பதிவேட்டைச் சரிபார்க்கும்போதெல்லாம் இக்கேள்வி எழுகிறது. ஒரு சாரார், "இரும்பு விலைக்கு எடை போட்டுவிடலாம்" என்கின்றனர். மற்றொரு சாரார், பெரும்பாலும் இளைஞர்கள், "பிளக்கைச் சொருகிப் பார்ப்போம், பாடினால் பாடட்டும்" என்கின்றனர். இவ்விரண்டும் சரியான வழிகள் அல்ல என்பது நம் கருத்து. முதல் வழியில் பொதுச் சொத்து போகும். இரண்டாவது வழியில் சொத்தோடு ஓர் உயிரும் போகக்கூடும்.

இப்பெட்டிகள் நம் ஊருக்கு வந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். சென்னை வானொலி நிலையம் 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் தேதியும், திருச்சி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே 16-ஆம் தேதியும் தொடங்கப்பெற்றன. வீட்டுக்கு வீடு ரேடியோ வாங்க இயலாத அக்காலத்தில், ஊருக்கு ஒன்று என்று பொது இடத்தில் வைத்து எல்லோரும் கேட்கச் செய்தனர். 1960-களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்னும் நெல்லைத் தஞ்சைப் பகுதி விவசாயிகள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். வானொலியின் வாயிலாக அறிந்த நெல்லாதலின் அப்பெயர். பெங்களூரில் 1954-இல் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ், 1961 முதல் ரேடியோ வால்வுகளை நம் நாட்டிலேயே செய்யத் தொடங்கியது. பரணில் கிடக்கும் பெட்டியில் அந்த முத்திரையுள்ள வால்வைக் கண்டால், அதை அலட்சியமாகக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள்.

வால்வு என்பது எவ்வாறு வேலை செய்கிறது? விவசாயிக்கு இதை விளக்குவது மிக எளிது. ஏரியின் மதகை நினைத்துக்கொண்டால் போதும். ஏரியில் தண்ணீர் உயர்ந்து நிற்கிறது. மதகுப் பலகையை ஓர் ஆள் இரண்டு விரற்கடை உயர்த்தினால், வாய்க்காலில் பாயும் வெள்ளமோ நூறு ஏற்றம் இறைத்தாலும் வராத அளவு. சிறிய அசைவு பெரிய ஓட்டத்தை ஆளுகிறது. கண்ணாடிக் குமிழுக்குள் நடப்பதும் இதுவே. நடுவிலுள்ள இழை சூடேறி, அதைச் சூழ்ந்த குழலிலிருந்து மின்னணுக்கள் கிளம்புகின்றன. வெளியிலுள்ள தகடு அவற்றைத் தன்பால் இழுக்கிறது. இரண்டுக்கும் இடையே மெல்லிய கம்பி வலை ஒன்று நிற்கிறது. அதுவே மதகுப் பலகை. மைக்கிலிருந்து வரும் அற்ப மின்சாரம் அந்த வலையை ஆட்ட, தகட்டுக்குப் பாயும் பெருமின்சாரம் அதே தாளத்தில் ஏறி இறங்குகிறது. 1904-இல் இங்கிலாந்தில் பிளெமிங் என்பவர் வலையில்லாத வால்வைக் கண்டார். 1906-இல் அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் வலையைச் சேர்த்தார். இன்று நம் கைத்தொலைபேசிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் 1947-இல்தான் பிறந்தது.

மதகு என்று சொன்னோம். அந்த ஏரியின் உயரத்தை மறந்துவிடக்கூடாது. வால்வு ஆம்ப்ளிபயரின் உள்ளே ஓடும் நேர் மின்னழுத்தம் 300 முதல் 450 வோல்ட் வரை இருக்கும். உங்கள் வீட்டுச் சுவரிலுள்ள 230 வோல்ட்டைக் காட்டிலும் இது அதிகம். மேலும் ஒரு விசேஷம்: சுவிட்சை அணைத்த பிறகும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்கூட, பெட்டிக்குள்ளிருக்கும் கண்டென்சர்களில் இம்மின்சாரம் தேங்கி நிற்கும். வாய்க்காலை அடைத்துவிட்டாலும் தொட்டியில் தண்ணீர் நிற்பதைப் போன்றது. ஆகவே அடித்தகட்டைக் கழற்றியவுடன் எவரும் உள்ளே கை வைத்தல் கூடாது. பத்தாயிரம் ஓம், பத்து வாட் அளவுள்ள ரெசிஸ்டர் ஒன்றைக் காப்பிட்ட கம்பியில் இணைத்து, அதன் வழியாகத் தேங்கிய மின்சாரத்தை வடித்துவிட்டு, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, பூஜ்யம் என்று கண்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். திருப்புளியால் குறுக்கே தட்டித் தீப்பொறி பறக்கச் செய்யும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது வீரமன்று, கண்டென்சரையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும். தனியாக எவரும் இவ்வேலையில் இறங்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கத் தெரிந்த ஒருவராவது பக்கத்தில் இருக்கட்டும்.

இனி, பல ஆண்டுகள் சும்மா கிடந்த பெட்டியில் எது கெட்டிருக்கும் என்பதைப் பார்ப்போம். ஜனங்கள் முதலில் வால்வையே சந்தேகிக்கின்றனர். வால்வு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதன் கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளி முலாம் போன்ற பூச்சு ஒன்று தெரியும். அது பளபளப்பாக இருந்தால் உள்ளே காற்று புகவில்லை என்று பொருள். பால்போல் வெளுத்துவிட்டிருந்தால் அந்த வால்வு முடிந்தது. இதைக் கண்டறியக் கருவியும் வேண்டாம், படிப்பும் வேண்டாம்.

உண்மையில் முதலில் கெடுபவை கண்டென்சர்கள். அவற்றுள் இரண்டு வகையைத் தெரிந்துகொள்வது அவசியம். ஒன்று, மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் பெரிய எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர். இதற்குள் ஈரப்பசை உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல அது உலர்ந்துபோகிறது. உலர்ந்த பெட்டியை ஓட்டினால், பாட்டுக்குப் பின்னே 'உம்' என்ற உறுமல் கேட்கும். மற்றொன்று, ஒரு வால்வின் தகட்டிலிருந்து அடுத்த வால்வின் வலைக்கு ஒலியை மட்டும் விட்டு, உயர் மின்னழுத்தத்தைத் தடுத்து நிறுத்தும் சிறிய காகிதக் கண்டென்சர். மெழுகு பூசிய இது நம் சுண்டுவிரலில் பாதிகூட இராது. ஆனால் பெட்டியைக் கொல்லுவது இதுதான்.

நம் வட்டாரத்தில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். பொங்கல் விழாவின் மாலையில், பல ஆண்டுகள் தொடாமல் கிடந்த ஆம்ப்ளிபயரை இளைஞர்கள் இறக்கித் துடைத்து நேரே மின்சாரத்தில் இணைத்தனர். பெட்டி பாடியது. கூடியிருந்தோர் மகிழ்ந்தனர். சிறிது நேரத்தில் கடைசி வால்வின் தகடு, உலையிலிட்ட கொழுவைப் போலச் சிவந்துவிட்டது. பாட்டின் மகிழ்ச்சியில் அதை எவரும் கவனிக்கவில்லை. பிறகு கரிந்த வாசனை, பிறகு புகை. ஒலியைப் புனலுக்கு அனுப்பும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோயிற்று. பின்னர் ஒரு மெக்கானிக்கைக் கொண்டு சோதித்ததில், அந்தச் சிறிய காகிதக் கண்டென்சர் கசிந்திருந்தது தெரியவந்தது. தடுத்து நிறுத்த வேண்டிய மின்னழுத்தத்தை அது வலைக்கு விட்டுவிட்டது. மதகுப் பலகை முழுவதும் தூக்கிக்கொண்டது. வெள்ளத்தில் வாய்க்கால் உடைந்தது. கண்டென்சரின் விலை ஒரு தேநீர்ச் செலவு. டிரான்ஸ்பார்மரோ, அந்த ஊருக்கு இன்றுவரை கிடைத்தபாடில்லை.

ஆகையால் செப்பனிடும் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. அதை மாற்றுதல் கூடாது. கோடையில் வறண்டு வெடித்த ஏரிக்கரைக்கு முதல் வெள்ளத்தை மளமளவென்று விட்டால் கரை உடையும் என்பதை நீங்கள் அறிவீர்கள். சிறிது சிறிதாக விட்டால் மண் நனைந்து வெடிப்பு மூடிக்கொள்ளும். பழைய பெட்டிக்கும் மின்சாரத்தை அவ்வாறே விட வேண்டும்.

முதலில் எல்லா வால்வுகளையும் எது எங்கிருந்தது என்று குறித்துக்கொண்டு கழற்றி வைத்தல் வேண்டும். தூசியைத் தூரிகையால் தட்ட வேண்டும். ஈரத் துணி ஆகாது. எலி கடித்த கம்பியையும், ரப்பர் உறை உதிர்ந்த கம்பியையும் மாற்ற வேண்டும். காகிதக் கண்டென்சர்களைச் சோதித்துக் காலம் கழிக்க வேண்டாம்; அத்தனையையும் மாற்றிவிடலாம். 630 வோல்ட் தாங்கும் பிளாஸ்டிக் படலக் கண்டென்சர்கள் இன்று எளிதில் கிடைக்கின்றன. பழையதைவிட இவை பல மடங்கு உழைக்கும். எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சரைக் குறைந்த மின்சாரத்தில் பல மணி நேரம் வைத்து உயிர்ப்பிக்கலாம் என்று சொல்வோர் உண்டு. அது முடியும்தான். ஆனால் பொது இடத்தில் ஓடவேண்டிய பெட்டிக்கு அந்தச் சிக்கனம் தகாது என்பது நம் எண்ணம். அதையும் புதிதாகப் போட்டுவிடுக. ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக மீட்டரில் அளந்து, எழுதியுள்ள அளவுக்கு ஐந்தில் ஒரு பங்குக்குமேல் மாறியவற்றை மட்டும் நீக்கினால் போதும். பழைய கரி ரெசிஸ்டர்கள் வயதாக ஆகத் தம் அளவில் ஏறிக்கொண்டே போகும் இயல்புடையவை.

இவ்வளவும் முடிந்த பின்னரே மின்சாரம். அப்போதும் நேரே கொடுத்தல் கூடாது. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைப் பெட்டியோடு சீரிஸில் இணைத்து, அதன் வழியாக மின்சாரம் செல்லும்படி செய்தல் வேண்டும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது; இழையுள்ள பழைய குண்டு பல்பே தேவை. வால்வுகள் இல்லாத நிலையில் பல்பு பிரகாசமாக எரிந்தால், டிரான்ஸ்பார்மருக்குள் ஷார்ட் இருக்கிறது என்று பொருள். அத்துடன் நிறுத்திவிட வேண்டும். மங்கலாகவோ எரியாமலோ இருந்தால் நல்லது. பிறகு வால்வுகளைச் சொருகி மறுபடியும் பார்க்க வேண்டும். முதலில் பளிச்சென்று எரிந்து, பின் மெல்ல அடங்கினால் பெட்டி சுகமாக இருக்கிறது. அடங்காமல் நின்றால் எங்கோ கசிவு உண்டு. ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும்படி கோளாறைக் காட்டும் இந்தப் பல்பைக் காட்டிலும் மலிவான கருவியை நாம் கண்டதில்லை.

ஒரு கட்டளை உண்டு. ஒலிபெருக்கியை இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிபயரை ஒருபோதும் பாடவிடுதல் கூடாது. டிரான்சிஸ்டர் பெட்டி இதைப் பொறுத்துக்கொள்ளும். வால்வுப் பெட்டி பொறுக்காது. ஒலி போக வழியில்லாதபோது அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்குள் பெரிய மின்னழுத்தம் எழும்பி, அதன் உள்காப்பைத் துளைத்துவிடும். பெட்டியில் 4, 8, 16 ஓம் என்று எழுதிய முனைகள் இருந்தால், ஸ்பீக்கரில் எழுதிய அளவுக்கேற்ற முனையில் பொருத்துக. புனல்களுக்கு நெடுந்தூரம் கம்பி இழுக்கும் பெட்டிகளில் 100 வோல்ட் முனை தனியாக இருக்கும். பாட்டு ஓடும்போது அக்கம்பியும் ஷாக் அடிக்கும் என்பதை மரத்தில் ஏறிப் புனல் கட்டும் பையன்களுக்குச் சொல்லி வையுங்கள்.

அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டால் என்ன செய்வது? பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை நம் பகுதியில் எங்கும் உண்டு. மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மரை அவர்கள் நன்றாகவே கட்டிவிடுவர். அவுட்புட் டிரான்ஸ்பார்மர் அப்படியன்று. அதில் முதற்சுற்றும் இரண்டாம் சுற்றும் அடுக்கடுக்காக மாறி மாறி வரும். பழையதைப் பிரிக்கும்போதே அடுக்குகளை எண்ணி எழுதிக்கொள்ளாமல் ஒரே மூச்சில் சுற்றினால், ஒலி வரும், ஆனால் நாதஸ்வரத்தின் மேல் ஸ்தாயி போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கும். எண்ணிச் சுற்றுகிறவர் கிடைத்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் காத்திருங்கள்.

அடுத்து, பழையதைச் செம்மைப்படுத்துவதோடு மேம்படுத்தவும் வேண்டுமா என்ற கேள்வி வருகிறது. பாதுகாப்புக்கும் ஆயுளுக்கும் உதவும் மாறுதல்களைச் செய்யலாம். பெட்டியின் சுபாவத்தை மாற்றுபவற்றைச் செய்ய வேண்டியதில்லை. பழைய இரட்டைக் கம்பியை நீக்கி, எர்த் உள்ள மூன்று முனைப் பிளக்கைப் போட்டு, எர்த் கம்பியை இரும்புச் சட்டத்தில் இறுக்கிப் பொருத்துவதே மேம்பாடுகளிலெல்லாம் தலையாயது. பியூஸ் இல்லாத பெட்டிக்குப் பியூஸ் வைக்கவேண்டும். அணைத்த பின் தேங்கும் மின்சாரம் தானே வடிந்துபோகும்படி ஒரு ரெசிஸ்டரை நிரந்தரமாக வைத்துவிட்டால், அடுத்து அதைத் திறப்பவருக்கு உபகாரமாகும். பெட்டியின் பின்னே 200, 220, 250 என்று எழுதிய முனைகள் இருந்தால், நம் ஊரில் வரும் மின்னழுத்தத்தை மாலையிலும் நள்ளிரவிலும் அளந்து பார்த்து அதற்கேற்ற முனைக்கு மாற்றிவிடுக. 220-இல் வைத்த பெட்டிக்கு 245 வந்தால் வால்வுகள் விரைவில் தேய்ந்துபோகும்.

'பெரிய கண்டென்சர் போட்டால் உறுமல் அறவே நின்றுவிடும்' என்று ஆசைப்பட்டு, அளவுக்கு மீறிப் போடுவோர் உண்டு. மின்சாரத்தை நேராக்கும் வால்வுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. ஜி.இஸட். 34 என்னும் வால்வு 60 மைக்ரோபாரட் வரைதான் தாங்கும். அதைவிடப் பழைய வகைகள் இன்னும் குறைவாகவே தாங்கும். சிறிய வாளியால் பெரிய தொட்டியை ஒரே மூச்சில் நிரப்பச் சொன்னால் வாளிதான் உடையும். அந்த வால்வை எடுத்துவிட்டு டயோடு வைப்பதும் யோசித்துச் செய்யவேண்டிய காரியம். மின்னழுத்தம் முன்னிலும் ஏறிவிடும். மற்ற வால்வுகள் சூடாகுமுன்பே முழு அழுத்தமும் வந்து நிற்கும்.

இனிச் சொல்லப்போவதை இளைஞர்கள் கவனித்துக் கேட்க வேண்டும். பழைய ரேடியோக்களில் டிரான்ஸ்பார்மரே இல்லாத ஒரு வகை உண்டு. நேர் மின்சாரம் இருந்த நகரங்களிலும் மாறு மின்சாரம் இருந்த நகரங்களிலும் ஒருங்கே ஓடும்படி செய்யப்பட்டவை அவை. அவற்றின் இரும்புச் சட்டம் நேரே மின்கம்பியோடு பிணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சட்டம் முழுவதும் 230 வோல்ட். வால்வின் பெயர் யு.எல். 84 என்பதுபோல 'யு' என்ற எழுத்தில் தொடங்கினால் அந்த வகையோ என்று சந்தேகிக்க வேண்டும். இத்தகைய பெட்டியில் கைத்தொலைபேசியை இணைத்துப் பாட்டுப் போட்டால், தொலைபேசியைப் பிடித்திருக்கும் கைக்கே மின்சாரம் வரும். இவற்றுக்கு எர்த் கம்பி போட்டுத் தப்பிக்கவும் முடியாது. நூலகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் காட்சிக்கு வையுங்கள், ஓட்ட வேண்டாம். 'டி' என்று தொடங்கும் வால்வுகள் பாட்டரிப் பெட்டிக்கு உரியவை. மின்சாரம் எட்டாத ஊர்களில் பயன்பட்ட அவற்றைச் சுவர் மின்சாரத்தில் இணைத்தல் எவ்விதத்திலும் ஆகாது. டிரான்ஸ்பார்மர் உள்ள, எர்த் செய்த ஆம்ப்ளிபயரில் மட்டும் 'பிக்கப்' என்று எழுதிய துவாரத்தின் வழியாக இன்றைய தொலைபேசியை இணைக்கலாம். முன்பு இசைத்தட்டுக் கருவிக்கு இருந்த வழி அது. தொலைபேசியிலிருந்து வரும் ஒலிக்கும் அது போதும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, கடையில் சிறிய டிரான்சிஸ்டர் பெட்டி வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குடிநீர் வரும் நேரத்தையும் வரி கட்டும் நாளையும் அறிவிக்கத் தினந்தோறும் வேண்டிய பெட்டி என்றால், டிரான்சிஸ்டர் பெட்டியே சிறந்தது என்று தயக்கமின்றிச் சொல்வோம். முப்பது வாட் வால்வுப் பெட்டி, ஒரு சொல்கூடப் பேசாதபோதும் நூறு வாட்டுக்கு மேல் மின்சாரம் குடிக்கும். வால்வின் ஒலி இனிமையானது என்று சிலர் பெருந்தொகை கொடுத்து வாங்குகின்றனர். அளவு மீறும்போது வால்வின் ஒலி சட்டென்று நறுக்கிவிடாமல் மெல்ல மழுங்குகிறது என்பது உண்மை. அது இனிமையா அன்றா என்பதை அவரவர் செவி தீர்மானிக்கட்டும்.

நாம் கருதுவது வேறொரு பயன். இன்றைய பெட்டி கெட்டால் அதன் பலகையைத் தூக்கி எறிகிறோம். உள்ளே இருப்பது என்ன என்று பிள்ளைகள் அறிவதில்லை. வால்வுப் பெட்டியிலோ ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியும். கம்பியை விரலால் தொடர்ந்து போகலாம், அதாவது மின்சாரம் வடிந்த பிறகு. நம் பகுதியில் முன்பு மைக் செட் வைத்திருந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கின்றனர். தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கும் நம் பிள்ளைகளை அவர்களிடம் அமர்த்தி, ஒரு பெட்டியை அவர்கள் கையாலேயே சீர்செய்ய விட்டால், அந்தப் பெரியவரோடு மறையவிருக்கும் வித்தை ஊரிலேயே தங்கும். வால்வுகளுக்கும் பஞ்சமில்லை. ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் புதிதாகச் செய்கின்றனர். சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தால் பழைய சரக்கும் அவ்வப்போது அகப்படும்.

அலுவலக முறைகளையும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுவோம். இருப்புப் பதிவேட்டில் உள்ள பெட்டியை எவரும் தம் விருப்பப்படி வீட்டுக்கு எடுத்துச் செல்லவோ, கடைக்குப் போடவோ கூடாது. செப்பனிடுவதாயினும் கழிவு செய்வதாயினும் கூட்டத்தில் தீர்மானம் வேண்டும். கழிவு செய்வதென்று முடிவானால், 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். செம்புக்காகத் தெருவில் போட்டு எரித்தல் கூடாது. சீர்செய்த பெட்டியைத் திறந்த வெளியில் ஒலிக்கச் செய்ய அனுமதி தேவை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி ஓடுதல் கூடாது என்பது வால்வுக்கும் பொருந்தும், டிரான்சிஸ்டருக்கும் பொருந்தும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் பஞ்சாயத்தில் கிடக்கும் பெட்டியைப் பற்றி ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பெட்டியின் பெயர், பின்புறத்தில் எழுதியுள்ள வோல்ட், ஒவ்வொரு வால்வின் மேலும் அச்சிட்டுள்ள எழுத்தும் எண்ணும், வெள்ளிப் பூச்சின் நிறம் ஆகிய இவ்வளவு போதும். பிளக் எங்கும் இணைக்கப்படவில்லை என்பதை முதலில் பாருங்கள். வால்வைத் துடைக்கும்போது எழுத்தின்மேல் துணி படவேண்டாம். பழைய மை எளிதில் அழிந்துவிடும். அடித்தகட்டை நீங்கள் கழற்ற வேண்டாம். அதை இங்கே, இவ்வித்தை அறிந்தவர் முன்னிலையில் கழற்றுவோம். குண்டு பல்பு ஒன்று வீட்டில் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்.